பொய் சொல்லாத பேப்பர் கால்

கொரோனா அடங்கி, காக்களூர் எஸ்டேட்டில் கம்பெனிகள் மறுபடியும் முழுசாக ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாங்கள் திருவள்ளூரை ஒட்டி மணவாள நகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இப்போதும் அதே வீடுதான். காக்களூரில் ஒரு கம்பெனியில் நான் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். தகட்டை உள்ளே வைத்தால் ஒரே அமுக்கில் வண்டி பாகமாக வெளியே வந்து விழும். ஷிப்டு முழுக்க நின்றபடியே செய்கிற வேலை.

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லிவிட்டீர்கள், ஆனால் நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் பிழை எதுவும் இல்லை. அப்படியே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள். சாவி ஒன்றுதான். மனைவி தையல் கம்பெனிக்கு விடிந்ததும் கிளம்பிவிடுவாள், மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள், நான் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போவேன். சாயந்திரம் முதலில் வருவது மகள். அவளுக்காகச் சாவியை வாசலில் இருக்கிற என் பழைய ஷூவுக்குள் போட்டுவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சாவி இப்படித்தான் ஷூவிலும் செருப்பிலும் கிடக்கும்.

அந்த ஷூ கம்பெனியில் கொடுக்கிற சேஃப்டி ஷூ. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது. தகடு காலில் விழுந்தாலும் விரல் தப்பிக்கும். வருடத்துக்கு ஒரு ஜோடி புதுசு தருவார்கள். புதுசு வந்ததும் பழசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் வீட்டு லாக்கராக மாறிவிடும்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரை போடுவேன், சில நாள் மறப்பேன். கொஞ்ச காலமாக உள்ளங்கால் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்தது. அதை நான் வியாதி என்று நினைக்கவே இல்லை. வயசாக வயசாகக் கால் மெத்தென்று ஆகிறது போல என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையில் வழக்கம்போல வீட்டைப் பூட்டினேன். கை தன் பாட்டுக்குச் சாவியைப் பழைய ஷூவில் போட்டது. படியில் உட்கார்ந்து புது ஷூவை எடுத்தால், முந்தின நாள் மழையில் நனைந்தது, பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும் போலிருந்தது. கம்பெனி பஸ் முனையில் ஹாரன் அடிக்கிறது. சரி, இன்றைக்கு ஒரு நாள் பழசையே போட்டுக்கொண்டு போகலாம் என்று அதற்குள் காலை விட்டேன், கயிற்றைக் கட்டினேன், ஓடினேன்.

எதற்குள் காலை விட்டேன் என்று கவனித்தீர்கள் அல்லவா? நான் கவனிக்கவில்லை.

சாயந்திரம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். மெஷின் பக்கம் நாங்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அவசரம் என்றால் வீட்டிலிருந்து அவர் போனுக்குத்தான் அடிப்பார்கள். என் மனைவிதான் பேசினாள்.

"சாவி எங்கங்க? பொண்ணு அப்போ புடிச்சு மழையில நின்னுக்கினு கீது."

"ஷூவுலதான் கீது. நல்லா கைய உட்டுப் பாரு."

"எந்த ஷூவு?"

"பழசு."

"பழசு இங்க இல்லியே. புதுசுதான் கீது. அதுல கைய உட்டா தண்ணிதான் வருது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஷூவை எவனோ திருடிவிட்டான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். சூப்பர்வைசர் நியாயமாகத்தான் கேட்டார், கிழிந்த ஷூவை எவன்யா தூக்குவான் என்று. அதில் சாவி இருப்பது தெரிந்தவன்தான் தூக்குவான் என்று போலீஸ்காரன் மாதிரி பதில் சொன்னேன். பஸ்ஸில் வீடு வரும்வரை பழைய பேப்பர்காரர், மாடி வீட்டுப் பையன்கள், பால்காரர் என்று ஒவ்வொருவராக மனசுக்குள் விசாரணை செய்தேன். அத்தனை பேரையும் விசாரித்தது, அந்தச் சாவியின் மேலேயே நின்றுகொண்டு.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஆக்ஸா பிளேடால் பூட்டை அறுத்துக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். வாசலில் நின்று திருட்டுப் பயல்களைப் பற்றி நான் ஒரு பிரசங்கமே செய்தேன். நாலு வீட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். என் மகள் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க கால்ல கீறது எந்த ஷூவு?"

கூட்டம் மொத்தமும் குனிந்து என் காலைப் பார்த்தது. அப்புறம் எழுந்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து இடது கால் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். சாவி விழவில்லை. கையை விட்டுப் பார்த்தேன், இல்லை. சாக்ஸைப் பிடித்து இழுத்தபோதுதான் அதோடு சேர்ந்து வந்தது. சாக்ஸின் அடிப்பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் அல்லவா, அந்த இடத்தில் சாவி அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தது. அதன் பல்கூடத் தெரிந்தது. சாவி குத்தின இடத்தில் தோல் பிய்ந்து தொங்கியது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், அப்போதும் எனக்கு வலிக்கவில்லை. என் மகள்தான் தன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்... ஸ்... என்றாள்.

வலிக்காத புண்ணுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். ஒரு வாரம் போல ஆகியிருக்கும். சாப்பிடும்போது என் மனைவி திடீரென்று முகத்தைச் சுளித்து, ஏதோ நாற்றம் அடிக்கிறது, எலி செத்திருக்கிறது என்றாள். பீரோவை நகர்த்தித் தேடினோம். கட்டிலுக்கு அடியிலும் தேடினோம். நாங்கள் நகர நகர நாற்றமும் கூடவே வந்தது. கடைசியில் மூவரும் என் காலைப் பார்த்தோம்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா ரொம்பச் சின்ன வயசு. அதட்டல் மட்டும் பெரிய வயசு. புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் படுக்க வைத்து, கையில் நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் காலைத் தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். இவர் வேறு யாரையோ பார்க்கப் போய்விட்டார் போல என்று நினைத்து, "ஆரம்பிங்க மேடம்" என்றேன்.

"எல்லா எடத்துலயும் தொட்டு முடிச்சாச்சுய்யா" என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். என் மனைவி அந்த நூலையும் என் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வலி என்பது வாட்ச்மேன் மாதிரி. ஏதாவது தப்பு நடந்தால் சத்தம் போட்டுக் கூப்பிடும். என் காலில் அந்த வாட்ச்மேன் வருடக்கணக்காகச் சர்க்கரையில் ஊறித் தூங்கிவிட்டார். இனி எழுந்தாலும் எழலாம், எழாமலும் போகலாம். புண் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. எலும்பைத் தொட்டுவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். அதோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது. பிறகு என் மனைவியைப் பார்த்து, "மருந்து நாங்க போட்டுடுவோம்மா. அந்தக் கால் மேல நிக்காம இருக்கறது மட்டும் இவர் கையிலதான் இருக்கு" என்றார்.

அதுவரை என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை நிற்பதுதான்.

வீட்டில் சட்டம் போட்டுவிட்டார்கள். இடது கால் தரையில் படக் கூடாது. பட்டால் என் மகள் விளையாட்டுப் பீரியட் விசிலை எடுத்து ஊதுவாள். முதல் நாளே அந்த விசில் சத்தம் பொறுக்க முடியாமல் மாடி வீட்டுப் பையன்கள் இறங்கி வந்து என்னிடம் கெஞ்சினார்கள், அண்ணே, கால கீழ வைக்காதண்ணே என்று.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறான். ஆந்திரா எல்லையில் இருந்து இருந்து, பாதிப் பேச்சு தெலுங்கு மாதிரி வரும். விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே ஒரு பொட்டலத்தோடு வந்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு நைனா கொடுத்த பச்சிலையாம், வைத்துக் கட்டினால் புண் ஓடிவிடுமாம். என் மனைவி பொட்டலத்தை மரியாதையாக வாங்கினாள், காபி கொடுத்தாள், அவன் தலை மறைந்ததும் குப்பையில் போட்டாள். பச்சிலை வேலை செய்கிறது என்று அவன் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் அடுத்த முறை அவன் கொண்டுவந்தது நல்ல பொருள். அவன் கம்பெனி ஸ்கிராப்பில் கிடந்த, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. ஒரு கைப்பிடி இல்லை. அதில் உட்கார்ந்து, வலது காலால் உந்தி உந்தி வீடு முழுக்கப் போகலாம். "இனிமே ஊட்டுக்குள்ள நீங்கதான் மேனேஜர் மாமா" என்றான்.

எங்கள் வீட்டுத் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. நாற்காலி வந்த பிறகு தெரிந்தது, பாத்ரூம் பக்கம். டிவி பார்த்துக்கொண்டே அசந்து உட்கார்ந்திருந்தால் மெதுவாக நகர ஆரம்பிக்கும். ஒரு தடவை நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டே இருந்தேன். பேசப் பேசப் பின்னால் போய், கதவில் இடித்து, பாத்ரூமுக்குள் நின்றேன். அங்கிருந்தே மிச்சத்தைப் பேசி முடித்தேன். அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள், அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பஜ்ஜியைத் தின்றுகொண்டே தலையாட்டினார்கள்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அந்த நாட்களில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் என் மனைவி டாக்டரம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பாள், புண்ணைப் பார்க்க மாட்டாள். அந்த முகம் சுருங்கினால் அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்துவிட்டு, புண் மூடிவிட்டது என்றார். சந்தோஷத்தில் நான் கட்டிலிலிருந்து தொப்பென்று குதித்தேன். வெறும் காலோடு. அன்றைக்கு வாங்கின திட்டு என் கம்பெனியில்கூட வாங்கியதில்லை. இனி ஆயுசுக்கும் வெறும் காலில் நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் கூடாது என்று சொல்லிவிட்டார். மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று உண்டு, அதை அளவெடுத்துச் செய்து தருகிற இடத்தைச் சொல்லி அனுப்பினார்.

வெளியே போட்டுக்கொள்ளச் சரி. வீட்டுக்குள் எப்படிச் செருப்புப் போடுவது? சாமி படம் ஹாலில்தான் இருக்கிறது. என் மனைவி ரெண்டு நாள் யோசித்தாள். டாக்டர் பேச்சையும் மீற முடியாது, சாமியையும் விட முடியாது. கடைசியில் ரெண்டு ஜோடி செய்யச் சொன்னாள். ஒன்று வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, இன்னொன்று வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. உள்செருப்பு வந்த அன்று, அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, புது வண்டிக்கு வைப்பது மாதிரி மஞ்சள் குங்குமம் வைத்தாள். "இது செருப்பு இல்ல. உங்க காலுக்குப் போட்ட தரை" என்று எனக்கும் சாமிக்கும் சேர்த்துச் சொன்னாள். அப்போது பார்த்து வந்த என் மச்சான் ரெண்டு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து செருப்புக்கு முன்னால் வைத்து, ஏற்றச் சொன்னான். நானும் ஏற்றினேன். புது லாரி மாதிரி ஹாலில் புறப்பட்டேன்.

திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனபோதுதான் சங்கடம். கல் தரை வெயிலில் கொதிக்கும். சூடு என் காலுக்குத் தெரியாது. அதனால் நான் வெளியே உட்கார்ந்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். கறுப்புச் செருப்போடு வாசலில் அசையாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, வருகிறவர்கள் எல்லாம் தங்கள் செருப்பை என் பக்கத்தில் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா டோக்கன் கொடுங்கள் என்று கேட்டார். இல்லையம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன், போய்வாருங்கள் என்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த தரிசனம் அதுதான்.

இனி முக்கியமான பகுதி. புண் ஆறினாலும் நான் வேலைக்குப் போக முடியவில்லை. சேஃப்டி ஷூ இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். அது சரியான சட்டம்தான். ஆனால் இறுக்கமான ஷூ போட்டால் புண் மறுபடியும் வரும், இந்தத் தடவை வந்தால் விரல் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை கம்பெனியில் எனக்கு இல்லை. என் காலுக்கும் பொருந்தி, கம்பெனிக்கும் பொருந்துகிற ஒரு ஷூ கிடைத்தால்தான் எனக்கு வேலை.

திருவள்ளூர் பஜாரில் ஒரு பெரிய ஷூ கடைக்கு மூன்று பேரும் போனோம். ஒரு ஜோடி போட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது. இன்னொன்றும் நன்றாக இருந்தது. அதைவிடச் சின்னதாக ஒன்றைக் கொடுத்தார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எல்லா ஷூவும் வசதி. அதுதான் பேஜாரு. "நல்லாத்தான் கீது, வாங்கிடலாம்" என்றேன்.

"உங்களுக்குச் சாவியே நல்லாத்தான இருந்துச்சு" என்றாள் என் மனைவி.

கடைக்காரப் பையன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

மறுபடி டாக்டரம்மாவிடம் கேட்டபோதுதான் வழி சொன்னார். கால் சொல்வதை நம்பாதீர்கள், காலைக் காகிதத்தில் வரைந்து அதை ஷூவுக்குள் போட்டுப் பாருங்கள், காகிதம் மடங்கினால் கால் நசுங்கும் என்று அர்த்தம். சாயந்திரம் வரையுங்கள், அப்போதுதான் கால் வீங்கி நிஜமான அளவில் இருக்கும் என்றார்.

என் மகள் நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் பேப்பரைத் தரையில் விரித்தாள். என்னை அதன்மேல் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றி வரைந்தாள். எனக்குப் பென்சில் படுவது தெரியவில்லை. அவள் தலை என் முழங்காலில் முட்டுவது மட்டும் தெரிந்தது. கத்தரித்து எடுத்ததும் என் கால் ரெண்டும் சப்பாத்தி மாதிரி தரையில் கிடந்தன. இத்தனை அகலமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் அதே கடைக்குப் போனோம். பையன் என் காலைப் பிடிக்க வந்தான். என் மகள் பையிலிருந்து பேப்பர் காலை எடுத்து நீட்டினாள். அவன் அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "சார் காலு கீதேம்மா, அதுல போட்டுப் பாக்கலாமே" என்றான்.

"அப்பா காலு பொய் சொல்லும்ணா. இது சொல்லாது."

கடையில் இருந்த ஷூ எல்லாம் அந்தப் பேப்பர் காலிடம் தோற்றுப்போனது. ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் பக்கம் மடங்கியது. போடப் போட லூஸாகிவிடும் என்று பையன் சொல்லிப் பார்த்தான். இவர் போடப் போடக் காலில் ஓட்டைதான் விழும் என்று என் மனைவி பதில் சொன்னாள்.

கடைசியில் நான் கம்பெனி ஸ்டோருக்கே போனேன். கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், ஸ்டோர்காரர் ஷூ பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். "உனுக்கு ஏழுதானய்யா, எத்தினி வருசமா குடுக்கறேன்" என்றார். ஏழாம் நம்பர் ஷூவில் பேப்பர் காலை விட்டேன். ரெண்டு பக்கமும் மசால் தோசை மாதிரி மடிந்துகொண்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டோரில் ஏழு மட்டும்தான் மிச்சம் இருந்தது. புதுசாகச் சேர்ந்தவன் நம்பர் பார்த்து எடுக்க முடியுமா? சரி சார், ஏழுதான் என்று சொன்னேன். மறுவருடம் கேட்டபோதும் ஏழு என்றேன். அப்படியே என் காலும் ஏழு என்று நானே நம்பிவிட்டேன். எட்டிலும் பேப்பர் மடங்கியது. ஒன்பது நீளம் சரி, அகலம் போதவில்லை. பெட்டிகள் தீர்ந்துபோயின. ஸ்டோர்காரர் தலையைச் சொறிந்தார். நான் பேப்பர் காலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடி பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் வாட்ச்மேன் அறைச் சுவரோரம் ஒரு அலமாரியைப் பார்த்தேன். வெளியாட்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வரும்போது போட்டுக்கொள்கிற ஷூக்கள். யார் கால் எப்படி இருக்குமோ என்று எல்லாம் பெரிசு பெரிசாக, அகலமாக வாங்கி வைத்திருந்தார்கள். பின்பக்கம் மஞ்சள் பெயிண்டில் 'விசிட்டர்' என்று எழுதியிருக்கும். ஒன்றை எடுத்துப் பேப்பர் காலை உள்ளே விட்டேன்.

எங்கேயும் மடங்கவில்லை. பாய் விரித்துப் படுத்த மாதிரி போய்ப் படுத்துக்கொண்டது.

ஸ்டோர்காரர் உள்ளே போய் மேனேஜரிடம் பேசினார். உனக்கு அளவில் வரவழைத்துத் தருகிறோம், அதுவரைக்கும் இதைப் போட்டுக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். செருப்பு செய்து தந்த இடத்திலேயே அதற்குள் போடுவதற்கு மெத்தென்ற அடியட்டை ஒன்றும் வெட்டித் தந்தார்கள். டாக்டரம்மா ஷூவைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். என் மனைவி அன்றைக்குத்தான் முதல் தடவையாக டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

அத்தனை வருடம் வேலை செய்த இடத்துக்கு நான் விசிட்டராகத் திரும்பிப் போனேன். நான் இல்லாத மாதங்களில் சேர்ந்த புதுப் பையன்கள் என் ஷூவைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஒருவன் சார், இந்தப் பக்கம் மெஷின் ஓடுது, தள்ளி நில்லுங்க என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். அது என் மெஷின். இன்னொருவன் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்தான். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் நிஜமாகவே சென்னையிலிருந்து விசிட்டர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் கம்பெனியிலிருந்து என்று கேட்டார். இதே கம்பெனிதான் சார் என்றேன். பின்னால் நின்ற சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு எனக்கென்று அகலமான ஷூ வந்தது. மஞ்சள் எழுத்து போய்விட்டது, பிஸ்கட்டும் போய்விட்டது.

சாவியை இப்போது எங்கே வைக்கிறோம் என்று கேட்காதீர்கள். பத்திரிகையில் எழுதுகிற விஷயமா அது?

காலையில் ஷூ போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். இது டாக்டரம்மா போட்ட சட்டம். இப்போதெல்லாம் நான் கிளம்பின பிறகு கடைசியாகப் பூட்டிவிட்டுப் போவது என் மகள்தான். நான் பார்க்கிறேனா என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் நான் நாஷ்டா சாப்பிடும்போது எனக்குத் தெரியாமல் ஷூவுக்குள் எதையாவது போட்டுவைப்பாள். ரப்பர் துண்டு, புளியங்கொட்டை, பேனா மூடி. அதை எடுத்து அவளிடம் காட்டிவிட்டுத்தான் நான் வாசலைத் தாண்ட வேண்டும். காட்டாமல் போனால் அன்று ராத்திரி நான்தான் தோசை ஊற்ற வேண்டும். நான் ஊற்றுகிற தோசையை அவர்களும் தின்ன வேண்டும் என்பதால், கைக்குச் சட்டென்று கிடைக்கிற மாதிரி கொஞ்சம் பெரிசாகவே வைக்கிறாள்.

இப்போது அவள் பிளஸ் டூ. போன மாதம் ஒரு பரீட்சை நாள், விடியற்காலையிலிருந்து புத்தகமும் கையுமாக இருந்தாள். நான் வாசலில் ஷூவைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி தட்டினேன். கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினேன். முனையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. எனக்குக் கிளம்ப மனசு வரவில்லை. சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள்.

"இன்னாப்பா?"

"ஒண்ணும் உழல."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி என் ஷூவுக்குள் போட்டாள். "இப்போ பாருங்க" என்றாள். கவிழ்த்தேன், விழுந்தது. எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

என் உள்ளங்காலுக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் ஷூவுக்குள் என் விரலில் ஏதாவது ஒன்று தட்டுப்படும்போது, எனக்கு வலிக்க வேண்டியதை எனக்காக வலித்துக்கொள்கிறவர்கள் என் வீட்டுக்குள் விழித்திருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.